இரண்டிலிருந்து மூன்று வரை

சித்தூர் கிரீம்ஸ்பேட்டையில் இருந்த பெரியப்பா வீட்டில் பகல் இரண்டு மணி அடித்துவிட்டால் மூன்று அடிக்கிறவரை யாரும் வாய் திறக்கக் கூடாது. ரேடியோ பாடாது. கிணற்று ராட்டினம் சுற்றாது. மாம்பழக் கூடையோடு வருகிற கிழவிக்குக்கூட இந்தச் சட்டம் தெரியும். வேப்பமரத்தடியில் கூடையை இறக்கி வைத்துவிட்டு, முந்தானையால் முகத்தைத் துடைத்தபடி காத்திருப்பாள். பெரியப்பா முன்கட்டில் துணிச் சாய்வு நாற்காலியில் கால் நீட்டிப் படுத்திருப்பார். தூங்கமாட்டார், கண் திறந்தே இருக்கும். கையில் பேப்பர் இல்லை, விசிறி இல்லை. பக்கத்து முக்காலியில் வேதாகமம் மூடியபடி இருக்கும். அதன்மேல் மூக்குக்கண்ணாடி.

அந்த வேளைக்குப் பெயர் ‘ரெஸ்ட் அவர்’. பெரியப்பா சொல்லும்போது அது ஒரே சொல்லாக விழும்: ரெஸ்டவர். “ரெஸ்டவர் டைம் ஆச்சு, சத்தம் போடாதீங்கடா” என்பார். கோடை விடுமுறைக்கு அங்கே போகிற நான், ரெஸ்டவர் என்பது மரியாதைக்குரிய யாரோ ஒருத்தர், தினமும் இரண்டு மணிக்கு வந்து மூன்று மணிக்குப் போகிறார் என்றே ரொம்ப நாள் நினைத்திருந்தேன். அவர் வருவதைப் பார்த்துவிட வேண்டும் என்று கதவு இடுக்கில் கண்ணை வைத்துக் காத்திருந்ததும் உண்டு. வந்தது பூனைதான்.

விஷயம் பின்னால்தான் தெரிந்தது. பெரியப்பா ‘மதனப்பள்ளி போய் வந்தவர்’. அந்தக் காலத்தில் சித்தூர்ப் பக்கம் இந்த மூன்று சொல்லுக்கு ஒரே அர்த்தம்தான். காசநோய் வந்து, ஆரோக்கியவரம் சானடோரியத்தில் கிடந்து, பிழைத்துத் திரும்பியவர் என்று அர்த்தம். பெண் பார்க்கப் போகிற இடத்தில் இதைத் தாழ்ந்த குரலில்தான் சொல்வார்கள். அவர் அங்கிருந்து வீட்டுக்குக் கொண்டுவந்த சாமான் ஒரு தகரப்பெட்டியும், ஒரு தர்மாமீட்டரும், இந்த ஒரு மணி நேரமும்தான். பெட்டி துருப்பிடித்துப் போயிற்று. தர்மாமீட்டரை நான்தான் உடைத்தேன். ஒரு மணி நேரம் மட்டும் கடைசிவரை உடையாமல் இருந்தது.

அது எங்கிருந்து கிளம்பி கிரீம்ஸ்பேட்டைக்கு வந்தது என்று தேடிப் போனால் ஆயிரக்கணக்கான மைல் தள்ளி, அன்றைய ஜெர்மனியின் சைலீசியா மலைக்காட்டுக்குள் போய் நிற்கிறோம். கோர்பெர்ஸ்டோர்ஃப் என்ற கிராமம், இன்று போலந்தில் இருக்கிறது. காசநோய் வந்தால் சாவுதான் என்று மருத்துவர்கள் கைவிரித்திருந்த காலத்தில், அது குணமாகிற நோய்தான் என்று 1854இல் ஆய்வேடு எழுதினார் ஹெர்மன் பிரேமர். அந்தக் கிராமத்தில் மலைக்காற்றும் நல்ல சாப்பாடும் நடையுமாக ஒரு வைத்தியம் தொடங்கினார். அவருக்கே இந்த நோய் இருந்ததாகவும், இமயமலையில் வந்து அலைந்து குணமாகிப் போனதாகவும் ஒரு கதை சொல்வார்கள். நம்பும்படியான சான்று கிடையாது. ஆனாலும் பாருங்கள், ஐரோப்பாவின் வைத்தியத்துக்கும் ஒரு ரிஷி கதை தேவைப்பட்டிருக்கிறது.

பிரேமர் நோயாளிகளை நடக்கச் சொன்னவர். படுக்கச் சொன்னவர் அவரிடம் நோயாளியாக வந்து, பிறகு உதவியாளராக இருந்த பீட்டர் டெட்வைலர். ஃபிராங்க்ஃபர்ட் பக்கம் ஃபால்கன்ஸ்டைனில் 1876இல் அவர் பொறுப்பேற்ற சானடோரியத்தில் திறந்த தாழ்வாரம் நெடுக சாய்வு நாற்காலிகளைப் போட்டார். கம்பளியைப் போர்த்திக்கொண்டு மணிக்கணக்காகக் கிடக்க வேண்டும். காற்று தானாக வந்து உள்ளே போகும், நீ ஒன்றும் செய்ய வேண்டாம். அசைந்தால் நுரையீரல் புண் ஆறாது என்பது அவர் கணக்கு. சட்டைப்பையில் வைத்துக்கொள்கிற நீலக் கண்ணாடிக் கோழைக் குப்பியையும் அவர்தான் புழக்கத்தில் விட்டார். கோழையில்தான் கிருமி இருக்கிறது என்று ராபர்ட் கோக் 1882இல் காட்டிவிட்டிருந்தார், கண்ட இடத்தில் துப்பக் கூடாது. கிருமியைக் கண்டுபிடித்தாகிவிட்டது, அதைக் கொல்ல மருந்தில்லை. அடுத்த அறுபது எழுபது வருஷம் மருந்தின் நாற்காலியில் ஓய்வுதான் உட்கார்ந்திருந்தது.

ஜெர்மனியிலிருந்து அது டென்மார்க்குக்குப் போயிற்று. கோர்பெர்ஸ்டோர்ஃபில் இருந்து வந்த கிறிஸ்டியன் சௌக்மன் என்ற மருத்துவரின் பொறுப்பில் வைலஃபியோர்ட் சானடோரியம் 1900இல் திறந்தது. டேனிஷ்காரர்களுக்கு நம் பக்கம் புதிதில்லை. 1706இல் சீகன்பால்குவைத் தரங்கம்பாடியில் கொண்டுவந்து இறக்கியவர்கள். இருபதாம் நூற்றாண்டுத் தொடக்கத்தில் டேனிஷ் மிஷன் திருக்கோவிலூர், திருவண்ணாமலைப் பக்கங்களில் வேலை செய்துகொண்டிருந்தது. அந்த மிஷன் மருத்துவர் கிறிஸ்டியன் ஃப்ரிமோட்-மோலர்தான் சாய்வு நாற்காலியை மதனப்பள்ளிக்குக் கொண்டுவந்தவர் என்று சொல்லலாம். பள்ளிக்கூடத்தில் நாமெல்லாம் வாங்கிய காசநோய் முத்திரை ஞாபகம் இருக்கிறதா? அதுவும் டேனிஷ் சரக்குதான். எய்னார் ஹோல்பெல் என்ற தபால் ஊழியரின் யோசனை, 1904.

இதில் ஒரு வேடிக்கை உண்டு. ஜெர்மன் மிஷன் ஒன்று திருப்பதியிலேயே இருந்தது. ஹெர்மன்ஸ்பர்க் லூத்தரன் மிஷன். சர்வபள்ளி ராதாகிருஷ்ணன் 1896 முதல் 1900 வரை படித்தது திருப்பதியில் அவர்கள் நடத்திய பள்ளிக்கூடத்தில்தான். ஆனால் ஜெர்மன் ஓய்வு அந்தக் கதவு வழியாக வரவில்லை. 1914இல் போர் வந்தது. இந்தியாவில் இருந்த ஜெர்மானியர்களைப் பிரிட்டிஷ் அரசு பிடித்து முகாமில் அடைத்தது. ஹெர்மன்ஸ்பர்க் வேலை அமெரிக்காவின் ஒஹாயோ சினாட் கைக்குப் போயிற்று. டென்மார்க் நடுநிலை நாடு, அதன் மருத்துவரை யாரும் தொடவில்லை.

மதனப்பள்ளி சானடோரியத்துக்குப் பல மிஷன்கள் சேர்ந்து பணம் போட்டதால் யூனியன் மிஷன் டியூபர்குலோசிஸ் சானடோரியம் என்று பெயர். தொடங்கிய வருஷம் 1912. சித்தூர் மாவட்டத்துக்கே அப்போது ஒரு வயசு. 1911 ஏப்ரலில்தான் வட ஆற்காட்டிலிருந்து சில தாலுகாக்களையும் கடப்பையிலிருந்து மதனப்பள்ளி, வாயல்பாடு தாலுகாக்களையும் வெட்டி ஒட்டி அதை உண்டாக்கியிருந்தார்கள். 2022இல் மறுபடி வெட்டி மதனப்பள்ளியை அன்னமய்யா மாவட்டத்துக்குக் கொடுத்துவிட்டார்கள். சித்தூரிலிருந்து பலமநேரு, புங்கனூர் வழியாகப் பஸ்ஸில் ஏறினாலும் சரி, திருப்பதியிலிருந்து பாக்கராபேட்டை கணவாயில் வளைந்து பீலேரு வழியாக வந்தாலும் சரி, ஒரு கட்டத்தில் ஜன்னல் காற்று மாறிவிடும். வேர்வை காய்ந்துபோகும். கடல்மட்டத்துக்கு 2,000 அடிக்கு மேலே, ஈரம் குறைந்த வறண்ட மேடு. வைத்தியத்துக்கு வேண்டியிருந்தது இந்தக் காற்றுதான்.

ஆரோக்கியவரம் என்று இடத்துக்குப் பேர் வைத்தவர் யாராக இருந்தாலும் காது உள்ளவர். ஆந்திராவில் அன்னவரம், பீமவரம் என்று ‘வரம்’ எந்த ஊருக்கும் வால்தான். அதே சமயம் கேட்டுப் பெறுகிற வரமும்தான். நோயாளி தன் விலாசத்தை எழுதும்போதெல்லாம் ஒரு ஜெபத்தை எழுதியிருக்கிறான்.

பெரியப்பா அங்கே போனது 1949இல். தாலுகா ஆபீஸ் குமாஸ்தா, வயசு இருபத்தாறு, சபையில் பாடகர் குழுவில் முன்வரிசை. கிறிஸ்துமஸுக்கு அவர் குரல் இல்லாமல் பாட்டு எடுக்கமாட்டார்களாம். கைக்குட்டையில் ரத்தம் விழுந்த மறுவாரம் ரயிலேற்றிவிட்டார்கள். அப்போது பாகாலா வழியாக தர்மாவரம் போகிற மீட்டர்கேஜ் வண்டி. மதனப்பள்ளி ரோடு ஸ்டேஷன் ஊருக்குச் சில மைல் தள்ளி இருக்கிறது, அங்கே இறங்கி ஜட்கா. முதல் நாளே சொல்லிவிட்டார்களாம்: பாடக் கூடாது. உரக்கப் பேசக் கூடாது. சிரிப்பதைக்கூடக் குறைத்துக்கொள். பகல் ஓய்வு வேளையில் படிப்பதும் கிடையாது. தலையணை பக்கத்தில் வேதாகமத்தை விரித்து வைத்திருந்தவரைப் பார்த்து நர்ஸம்மா, “அதுக்கும் ரெஸ்ட் கொடுங்க” என்று மூடி வைத்தாளாம். பெரியப்பா இதைச் சொல்லும்போதெல்லாம் சிரிப்பார். அன்றைக்கு அவர் சிரித்திருக்க வாய்ப்பில்லை.

யோசித்துப் பார்த்தால் அது சாதாரண இழப்பில்லை. நம் பக்கத்துப் புராட்டஸ்டன்ட் கிறிஸ்தவனுக்கு பக்தி என்றால் வாயும் கண்ணும்தான். பாட வேண்டும், வாசிக்க வேண்டும், சாட்சி சொல்ல வேண்டும், சத்தமாக ஜெபிக்க வேண்டும். 1853இல் தொடங்கிய அமெரிக்க ஆற்காடு மிஷன் சித்தூரில் கால் வைத்தது பேசுவதற்குத்தான். 1863இல் மதனப்பள்ளிக்கு வந்த ஜேக்கப் சேம்பர்லின் மருத்துவர், கூடவே ஊர் ஊராகப் போய்ப் பிரசங்கம் செய்தவர். பிரசங்கம், துண்டுப் பிரதி, ஞானப்பாட்டு, ஞாயிறு பள்ளி என்று எல்லாம் அவர்கள் பெட்டியில் வந்தது. மௌனம் வந்ததாகத் தெரியவில்லை. இன்றைக்கும் ஆராதனையில், “சில நிமிஷம் ஆண்டவருடைய சமுகத்தில் அமைதியாக இருப்போம்” என்பார் போதகர் ஐயா. பதினைந்து விநாடி தாங்காது, கீபோர்டுக்காரர் மெல்ல ஆரம்பித்துவிடுவார். அவரைச் சொல்லிக் குற்றமில்லை. சபைக்கே அந்தப் பதினாறாவது விநாடியில் ஏதோ பயம் இருக்கிறது.

பெரியப்பாவுக்கு அந்தப் பதினாறாவது விநாடி ஏறக்குறைய இரண்டு வருஷம் நீண்டது. மருந்து என்ற பேரில்.

வேதாகமத்தில் இதற்கு முன்னோடி ஒருவர் உண்டு, எலியா. 1 இராஜாக்கள் 19ஆம் அதிகாரம். பாகாலின் தீர்க்கதரிசிகளோடு மோதி ஜெயித்தவர், மறுநாளே ராணி யேசபேலின் மிரட்டலுக்கு அஞ்சி வனாந்தரத்துக்கு ஓடுகிறார். ஒரு செடியின் கீழே விழுந்து, போதும், உயிரை எடுத்துக்கொள்ளும் என்கிறார். தூங்கிவிடுகிறார். தேவதூதன் வந்து தட்டி எழுப்பி உபதேசமா செய்கிறான்? தணலில் சுட்ட அடையும் தண்ணீரும் கொடுக்கிறான். சாப்பிட்டுவிட்டு மறுபடி தூங்குகிறார். மறுபடி எழுப்பி மறுபடி சாப்பாடு. எந்த சானடோரிய மருத்துவரும் எழுதித் தருகிற சீட்டுதான் இது. அதன் பிறகுதான் நாற்பது நாள் நடை, ஓரேப் மலை, குகை. காற்று பாறையை உடைக்கிறது, பூமி அதிர்கிறது, தீ எரிகிறது, கர்த்தர் அதிலெல்லாம் இல்லை. கடைசியில் வருவது கேட்டும் கேட்காததுமான ஒரு மெல்லிய ஒலி. எத்தனையோ கன்வென்ஷன் பந்தலில் இந்தக் கதையைக் கேட்டிருக்கிறேன். காற்றையும் நிலநடுக்கத்தையும் தீயையும் பிரசங்கியார் பிரமாதமாக நடித்துக் காட்டுவார். மெல்லிய ஒலிக்கு வரும்போது மைக்கை வாயோடு ஒட்டிக்கொள்வார்.

எகிப்தின் வனாந்தரத்தில் நான்காம் நூற்றாண்டில் குகைக்குள் போன துறவிகள் இதற்கு ஒரு கிரேக்கச் சொல் வைத்திருந்தார்கள், ஹெசிக்கியா. மௌனமும் அதுவே, ஓய்வும் அதுவே. நம் மொழிபெயர்ப்பாளர்கள் கொடுத்தது வேறு விதத்தில் அழகான சொல். வருத்தப்பட்டு பாரம் சுமக்கிறவர்களை இயேசு அழைக்கிற இடத்தில் தமிழில் இருப்பது ‘இளைப்பாறுதல்’. இளைப்பு என்றால் களைப்பு, மெலிவு, மூச்சு வாங்குதல். உடம்பு உருகி இருமி மெலிகிற நோய்க்கும் கிராமத்தில் இளைப்பு என்றே பேர். இளைப்பு ஆறுவதுதான் இளைப்பாறுதல். புண் ஆறுவது போல, பால் ஆறுவது போல. ஆற்ற வேண்டியதில்லை, விட்டால் ஆறும். ஆரோக்கியவரத்தில் படுத்திருந்த தமிழனுக்கு அந்த வசனத்தை யாரும் விளக்கியிருக்கத் தேவையில்லை.

சித்தூர் எல்லை ஊர் என்பதால் இன்னொரு கூத்தும் உண்டு. சங்கீதம் 46ஆம் அதிகாரம் 10ஆம் வசனத்தில், தாமே தேவன் என்று அறிந்துகொள்ளச் சொல்லுமுன் கர்த்தர் ஒரு கட்டளை கொடுக்கிறார். தமிழ் வேதாகமம் அமர்ந்திருக்கச் சொல்கிறது. முதுகை நிமிர்த்திப் பாயில் உட்கார்ந்தது போல மரியாதையான சொல். பக்கத்துத் தெரு தெலுங்குச் சபையில் அதே இடத்தில் ‘ஊரகுண்டுடி’. தெலுங்கில் ‘ஊரகே’ என்றால் ‘சும்மா’. அழுகிற குழந்தையை, நச்சரிக்கிற பையனை, சண்டைக்குப் போகிற புருஷனை அடக்குகிற சொல். அதாவது தெலுங்குக்காரரிடம் ஆண்டவர் “சும்மா இருங்கப்பா” என்கிறார். மூல எபிரேயச் சொல்லுக்குக் கையைத் தளர விடு, பிடியை விடு என்று பொருள் என்பதால் தெலுங்குக்காரர்தான் ஒரு முழம் கிட்டே போயிருக்கிறார் என்று எனக்குத் தோன்றும். சும்மா இருப்பது எத்தனை கஷ்டம் என்று அருணகிரிநாதரும் தாயுமானவரும் நமக்கு முன்பே சொல்லி வைத்திருக்க, தமிழ் வேதாகமம் அந்தச் சொல்லை ஏன் எடுக்கவில்லையோ. சும்மா என்ற சொல் அன்றைய பண்டிதர்களுக்குக் கொச்சையாகப் பட்டிருக்கும்.

மதனப்பள்ளி மண்ணில் ஏதோ இருக்கிறது என்று சொல்வதற்கு எனக்கு ஆசைதான். ரபீந்திரநாத் தாகூர் 1919இல் தெற்கே ஊர் ஊராகப் பேசிக் களைத்து, ஓய்வெடுக்க வந்தது இங்கேதான். வந்த இடத்தில் சும்மா இருக்காமல் ‘ஜன கண மன’வை ஆங்கிலத்தில் பெயர்த்தார், தியசாபிகல் கல்லூரியில் மார்கரெட் கசின்ஸ் அதற்கு இசைக்குறிப்பு எழுதினார். ஜே. கிருஷ்ணமூர்த்தி பிறந்தது 1895இல் இதே ஊரில். அவர் பேரால் விளங்குகிற ரிஷிவேலி பள்ளியில் சாயங்காலம் சூரியன் இறங்குகிற நேரத்தில் பிள்ளைகள் பேசாமல் மேற்கே பார்த்து உட்காருவார்கள், அஸ்தாசல் என்று பெயர். சில மைலுக்குள் பகல் இரண்டு மணிக்கு ஒரு மௌனம், சாயங்காலம் ஆறு மணிக்கு ஒரு மௌனம். ஒன்றுக்கொன்று தெரியுமோ தெரியாதோ.

அதே காலத்தில் கிறிஸ்தவ மௌனத்தைத் தேடிப் போனவர்களும் மருத்துவர்களாக இருந்ததுதான் என்னை யோசிக்கவைக்கிறது. பழைய வட ஆற்காட்டுத் திருப்பத்தூரில் 1921இல் கிறிஸ்துகுல ஆசிரமத்தைத் தொடங்கிய எஸ். ஜேசுதாசனும் எர்னஸ்ட் ஃபாரஸ்டர் பேட்டனும் இரண்டு டாக்டர்கள். ஒருவர் தமிழர், ஒருவர் வெள்ளைக்காரர், இருவரும் கல்யாணம் செய்துகொள்ளவில்லை. காலையில் தியானம், பிறகு நோயாளிகள். குளித்தலை பக்கம் காவிரிக் கரையில் பாதிரிமாரான மான்ஷனேனும் ல சோவும் சாந்திவன ஆசிரமத்தை ஆரம்பித்தது இன்னும் வெகுநாள் கழித்து, 1950இல். நாடி பிடித்துப் பார்க்கிறவனுக்குக் கேட்கிற பழக்கம் சீக்கிரம் வந்துவிடுகிறது போலிருக்கிறது. ஸ்டெதஸ்கோப்பைக் காதில் மாட்டிக்கொண்டால் எந்த டாக்டரும் முதலில் சொல்வது, “பேசாதீங்க”.

எல்லாருக்கும் ஓய்வு பலிக்கவில்லை என்பதையும் சொல்ல வேண்டும். கணித மேதை ராமானுஜன் 1917இல் இங்கிலாந்தின் மெண்டிப் மலை சானடோரியத்தில் கிடந்தார். நடத்தியவர் நம் ஊர்க்காரரான டாக்டர் சௌரி முத்து. பிறகு 1928இல் தாம்பரத்தில் சானடோரியம் கட்டியவர் இவர்தான், மின்சார ரயிலில் போகிறவர்கள் இன்றும் அந்தப் பெயரைச் சொல்லித்தான் டிக்கெட் வாங்குகிறார்கள். ராமானுஜனை மெண்டிப்பிலிருந்து மாட்லாக் என்ற இடத்துக்கு மாற்றினார்கள். அங்கே திறந்த காற்று வைத்தியம், கும்பகோணத்து உடம்பு விறைத்தது. குளியலறை ஒன்றுதான் கதகதப்பாக இருக்கிறது, பேப்பரும் பேனாவும் எடுத்துக்கொண்டு அங்கே போய்த் தாழ் போட்டுக்கொள்ளப் போகிறேன் என்று நண்பருக்கு எழுதினார். அவருடைய தெய்வம் கனவில் கணக்கு சொல்கிற நாமகிரித் தாயார். சும்மா இரு என்று அவள் சொன்னதில்லை. 1920இல் இறந்துபோனார். அவருக்கு வந்தது காசநோயே இல்லை, கல்லீரலில் அமீபா என்று பிற்கால மருத்துவர்கள் வாதாடினார்கள். அப்படியானால் அத்தனை குளிரும் அத்தனை ஓய்வும் தப்பான விலாசத்துக்குப் போன தபால்.

ஓய்வு தன் வேலையை இழந்த இடம் சென்னை. 1952இல் ஐசோனியாசிட் மாத்திரை வந்தது. மதராஸில் 1956இல் ஒரு காசநோய் மருந்தாய்வு மையம் தொடங்கினார்கள். இன்று சேத்துப்பட்டில் இருக்கிற தேசிய காசநோய் ஆராய்ச்சி நிறுவனத்தின் ஆரம்பம் அதுதான். பிரிட்டிஷ் மருத்துவர் வாலஸ் ஃபாக்ஸ் தலைமையில், நகரத்து ஏழை நோயாளிகள் 193 பேரை இரண்டாகப் பிரித்தார்கள். ஒரு பாதி சானடோரியத்தில், நல்ல சாப்பாடு, காற்று, ஓய்வு. மறு பாதி அவரவர் குடிசையிலேயே, நெரிசல், அரை வயிறு, முடிந்தால் வேலைக்கும் போவது. இரண்டு பாதிக்கும் ஒரே மருந்து, ஒரு வருஷம். 1959இல் முடிவு வெளியானது. இரண்டு பாதியும் ஏறக்குறைய ஒரே அளவுக்குக் குணமாகியிருந்தது. கோர்பெர்ஸ்டோர்ஃபிலிருந்து கிளம்பிய சாய்வு நாற்காலியை மதராஸ் சேரிக்காரர்கள் நூறு வருஷம் கழித்து மடித்து வைத்துவிட்டார்கள். உலகமெங்கும் சானடோரியங்கள் மூடின, அல்லது வேறொன்றாக மாறின.

அது நல்ல சேதி. கூலிக்காரனுக்கு ஓய்வை மருந்தாக எழுதிக் கொடுப்பது பட்டினியை எழுதிக் கொடுப்பதுதான். மாத்திரை வந்துதான் அவன் படுக்காமலே பிழைத்தான். ஆரோக்கியவரமும் காத்துக்கொண்டிருக்கவில்லை. இந்தியாவில் பி.சி.ஜி. ஊசி 1948இல் ஆரம்பித்த முதல் இரண்டு இடங்களில் மதனப்பள்ளி ஒன்று. சுற்றுக் கிராமங்களில், பின்னால் அங்கே மருத்துவராக இருந்த ஜோஹன்னஸ் ஃப்ரிமோட்-மோலர் வருஷக்கணக்காக நடத்திய ஆய்வு மருத்துவ உலகில் பேர்பெற்றது. இன்று அது ஆரோக்கியவரம் மெடிக்கல் சென்டர், பொது ஆஸ்பத்திரி, நர்சிங் படிப்பு எல்லாம் உண்டு.

பெரியப்பா 1959 முடிவைப் பற்றிப் பேப்பரில் படித்தாராம். படித்துவிட்டு, இரண்டு மணி ஆனதும் கண்ணாடியைக் கழற்றி வைத்து நாற்காலியில் சாய்ந்தாராம். இதைச் சொன்னது பெரியம்மா. “தேவையில்லன்னு டாக்டரே சொல்லிட்டாராம், இன்னும் எதுக்கு” என்று கேட்டதற்கு, “தேவைக்குப் படுத்தது போதும், இனிமே சும்மா படுத்துக்கறேன்” என்றாராம். எனக்கு இந்தப் பதில்தான் முக்கியமாகப் படுகிறது. ஆதியாகமத்தில் ஏழாம் நாள் ஓய்ந்திருந்தவர் களைத்துப்போய் ஓய்ந்ததாக எழுதியிருக்கவில்லை. நுரையீரல் ஆறுவதற்கு, மறுநாள் சுறுசுறுப்பாக வேலை செய்வதற்கு, ரத்த அழுத்தம் குறைவதற்கு என்று ஓய்வுக்கு ஒரு சம்பளச் சீட்டு இருக்கும்வரை அதுவும் ஒரு வேலைதான். மருந்து என்ற பட்டம் பறிபோன பிறகு கிரீம்ஸ்பேட்டையில் அந்த ஒரு மணி நேரம் முதல்முறையாக யாருக்கும் எதற்கும் பயன்படாமல் இருந்தது. ஜெபம் என்று அவர் அதைச் சொன்னதில்லை. ஜெபம் காலையில் முழங்காலில், வாய்விட்டு, தனியாக நடக்கும். பாட்டு மட்டும் திரும்பி வரவில்லை. சபையில் எல்லாரும் எழுந்து பாடும்போது உதட்டை மட்டும் அசைப்பார்.

1980களில் பெரியப்பா திருப்பதிக்கு, மகள் வீட்டுக்குக் குடிபோனார். நாற்காலியும் போயிற்று. ஸ்டேஷன் பக்கத்துத் தெரு. மொட்டைத் தலையோடு சந்தனம் பூசிய கூட்டம் ஜீப்பிலும் வேனிலும் போய்க்கொண்டே இருக்கும், கோவிந்தா கோவிந்தா என்று. லாட்ஜ்காரர்கள் கூவுவார்கள். அந்த ஊரில் பகல் இரண்டு என்றும் ராத்திரி இரண்டு என்றும் வித்தியாசம் கிடையாது. இங்கே ரெஸ்டவர் எப்படி வருவார் என்று நான் கேலியாகக் கேட்டேன். ஜன்னலைச் சாத்தவா என்று மகள் கேட்பாளாம், வேண்டாம் என்பாராம். கடைசி வருஷங்களில் காது மந்தமாகிவிட்டது. அதற்குப் பிறகும் இரண்டிலிருந்து மூன்று வரை அவர் எதையோ கூர்ந்து கேட்கிறவர் மாதிரிதான் தலையை ஒரு பக்கம் சாய்த்து வைத்திருந்தார்.

ஒன்று மட்டும் எனக்கு உறுத்தும். அந்த ஒரு மணி நேரம் அடுப்படியில் பெரியம்மா இருந்தாள். மதியச் சாப்பாட்டுப் பாத்திரம் அத்தனையும் ஒன்றோடொன்று இடிக்காமல், சாம்பல் போட்டு, ஈரத் துணிமேல் கவிழ்த்து வைத்துத் துலக்குவாள். சத்தமில்லாமல் பாத்திரம் துலக்குவது சத்தத்தோடு துலக்குவதைவிட இரண்டு மடங்கு வேலை. மோசேயின் சட்டம் ஓய்வுநாளை வேலைக்காரிக்கும் மாட்டுக்கும் கழுதைக்கும் சேர்த்துத்தான் கொடுத்தது. பெண்டாட்டி என்று தனியாகச் சொல்லவில்லை. பெத்தானியாவில் இயேசுவின் காலடியில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்தவள் மரியாள். அடுப்படியில் நின்ற மார்த்தாள் முறையிட்டாவது பார்த்தாள். பெரியம்மாவின் ரெஸ்ட் அவர் எது என்று அந்த வீட்டில் யாரும் கேட்டதில்லை, நான் உட்பட.

எனக்குப் பத்து பன்னிரண்டு வயசிருக்கும். ஒரு மே மாதப் பகல், சாப்பாடு முடிந்து பெரியப்பா நாற்காலியை விரித்துக்கொண்டிருந்தார். ஞாயிறு பள்ளியில் எலியா கதை கேட்டுவிட்டு வந்த சூட்டில் நேரடியாகவே கேட்டேன்.

“பெரியப்பா, மதனப்பள்ளியில அவ்ளோ நாள் பேசாம படுத்திருந்தீங்களே, ஆண்டவர் சத்தம் கேட்டுச்சா?”

அவர் துணியை இழுத்துச் சரிசெய்தார். கொஞ்ச நேரம் கழித்துத்தான் பதில் வந்தது.

“மொத ஆறு மாசம் என் இருமல்தான்டா கேட்டுச்சு. வேற ஒண்ணும் கேக்கல. அப்புறம் பக்கத்துக் கட்டில்ல ஒரு தெலுங்குப் பையன், சின்னப் பையன், அவன் இருமறது கேக்க ஆரம்பிச்சுது.”

“அப்புறம்?”

“அப்புறம் டிஸ்சார்ஜ் பண்ணிட்டாங்க.”

அடுப்படியிலிருந்து பெரியம்மா குரல் வந்தது. “வீட்டுக்கு வந்து இருபது வருஷம் ஆச்சே, இங்க என்ன கேட்டுச்சாம்னு கேளு.”

பெரியப்பா கண்ணாடியைக் கழற்றி வேதாகமத்தின்மேல் வைத்தார். மணி இரண்டு ஆகியிருந்தது.